காந்தப் பெட்டிக்குப் பூஜை போட்ட நாள்

பெட்டியை எப்படித் துடைப்பது, பேட்டரியை எப்போது மாற்றுவது, ஒயரை எலி கடித்தால் யாரைக் கூப்பிடுவது, எல்லாம் உங்கள் கோப்பில் இருக்கிறது. அதை நான் திரும்ப எழுதப் போவதில்லை. காந்த நிலையங்களைப் பார்த்துக்கொள்ளப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு ஏதாவது எழுதித் தரச் சொன்னார்கள். நான் ஆறாம் வகுப்போடு நின்றவன். நீங்கள் டிப்ளோமா, டிகிரி முடித்தவர்கள். உங்களைவிட எனக்கு அதிகம் தெரிந்த விஷயம் ஒன்றுதான். தப்பு செய்துவிட்டு அதைச் சொல்லாமல் வைத்திருந்தால் எப்படி இருக்கும் என்பது. அதை எழுதுகிறேன்.

மலாக்காவில் ஜாசினுக்கு வெளியே ஒரு தோட்டத்தில், எண்ணெய் எடுக்கிற செம்பனைக் குலை வெட்டிக்கொண்டிருந்தேன். தோள் போய்விட்டது. அரிவாள் மாட்டிய நீளக் கோலைத் தூக்க முடியவில்லை. அந்தச் சமயத்தில் ஒரு டாக்டர் அங்கே காந்தப் பெட்டி புதைக்க இடம் தேடி வந்தார். மருந்து கொடுக்கிற டாக்டர் இல்லை, வானத்தைப் படித்த டாக்டர். புக்கிட் பெருவாங்கில் வீடு. தமிழ்ப் பெண். என்னைவிடப் பத்து வயது சின்னவர். ரயில் பாதை, பெரிய மின்கம்பம், லோரிச் சாலை எதுவும் பக்கத்தில் இருக்கக் கூடாது என்றார். மேனேஜர் பின்பக்க மேட்டைக் காட்டினார். குழி வெட்ட என்னை அனுப்பினார்கள். வெட்டி முடித்ததும், இந்தப் பெட்டியை நீங்களே பார்த்துக்கொள்கிறீர்களா என்று டாக்டர் கேட்டார். சரி என்றேன். அப்படித்தான் வேலைக்குச் சேர்ந்தேன்.

அவர் எனக்குச் சொல்லித் தந்தது இவ்வளவுதான். சூரியனிலிருந்து ஒரு காற்று ஓயாமல் வருகிறது. அது காந்தத்தைச் சுமந்துகொண்டு வருகிறது. பூமிக்கும் சொந்தமாகக் காந்தம் உண்டு. அந்தக் காற்று பலமாக வந்து மோதினால் பூமியின் காந்தம் கொஞ்சம் ஆடும். அதைத்தான் புயல் என்கிறார்கள். நம் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. வெயில் அடித்துக்கொண்டிருக்கும், கோழி மேய்ந்துகொண்டிருக்கும். குழிக்குள் இருக்கும் பெட்டி மட்டும் அதைக் கோடாக எழுதி ஆபீசுக்கு அனுப்பும். அந்தக் கோட்டை வைத்து வானத்தில் என்ன நடந்தது என்று டாக்டர் சொல்லுவார்.

ஒரே ஒரு சங்கடம். பெட்டிக்கு வானம் என்றும் தெரியாது, அரிவாள் என்றும் தெரியாது. எது ஆட்டினாலும் எழுதும்.

அதனால்தான் வேலியிலிருந்து பெட்டிக்கு அறுபது அடி தூரம் விட்டிருக்கிறார்கள். நீங்களும் தினம் செய்கிறீர்கள்: பெல்ட், சாவி, கடிகாரம், கைப்பேசி எல்லாவற்றையும் வேலிக்கு வெளியே பிளாஸ்டிக் வாளியில் போட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். புல் வெட்டும் நாளில் கத்தி உள்ளே போகும். அன்று முதலிலேயே டாக்டருக்கு மெசேஜ் போடுவேன், "இரும்பு உள்ளே" என்று. வெட்டி முடித்ததும் "இரும்பு வெளியே." நடுவில் இருக்கும் கோட்டை அவர் வெட்டி எறிந்துவிடுவார். ஏறக்குறைய இரண்டு வருடம் இப்படி நடந்தது. ஒரு நாள்கூடத் தவறவில்லை. அதில் எனக்குப் பெருமையும் உண்டு.

இரண்டாம் வருடம் ஆயுத பூஜை வந்தது.

தோட்டத்தில் இருந்தவரை அரிவாளுக்குப் பொட்டு வைக்காமல் ஒரு வருடமும் போனதில்லை. மனைவி கேட்டாள்.

"இப்ப சோறு போடறது அரிவாளா, அந்தப் பெட்டியா? அதுக்கு என்னைக்கிங்க பூஜை?"

நியாயமாகத்தான் பட்டது. நாள்காட்டித் தாளைப் பார்த்து நல்ல நேரம் குறித்தாள். காலை பத்தேமுக்காலில் தொடங்குகிறது. அவல், பொரி, கடலை, வாழைப்பழம் எல்லாம் கட்டி எடுத்துக்கொண்டாள்.

முந்திய நாளே டாக்டர் மெசேஜ் போட்டிருந்தார். சூரியனிலிருந்து பெரிதாக ஒன்று கிளம்பியிருக்கிறது, நாளைக்கு வந்து சேரும், யாரையும் உள்ளே விட வேண்டாம் என்று. நான் யாரையும் விடவில்லை. நானும் மனைவியும் மட்டும் போனோம்.

வேலி ஓரத்தில் பெல்ட்டைக் கழற்றி வாளியில் போட்டேன். கடிகாரம், சாவி, கைப்பேசி எல்லாம் போட்டேன். பிறகு குலை வெட்டும் அரிவாள், பாராங் கத்தி, கோடாரி, மண்வெட்டி நான்கையும் கழுவித் துடைத்துத் தோளில் வைத்துக்கொண்டு உள்ளே போனேன்.

எப்படி முடிந்தது என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் கேட்டுக்கொண்டதுண்டு. பெல்ட் பக்கிள் இரும்பு என்று தெரிந்த எனக்கு, சாமிக்கு வைக்கிறது இரும்பு என்று தோன்றவில்லை. வேலைக்கு எடுத்துப் போயிருந்தால் மெசேஜ் போட்டிருப்பேன். இது வேலை இல்லை, பூஜை. அது வேறு கணக்கில் இருந்தது.

குழி மூடிக்குப் பக்கத்தில் வாழை இலை போட்டு ஒவ்வொன்றாக வைத்தேன். பொட்டு வைத்தேன். மூடிக்கும் சந்தனம் தடவினேன். சூடம் காட்டினேன். புயல் நல்லபடியாக வர வேண்டும், பெட்டி ஒழுங்காக எழுத வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். முக்கால் மணி நேரத்தில் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டோம். பொரியைத் தோட்டத்து ஆட்களுக்குக் கொடுத்தோம்.

இரண்டு வாரம் கழித்து டாக்டர் வந்தார். வழக்கமாக வரும் நாள் இல்லை. காரை எப்போதும்போல மேட்டுக்குக் கீழே தள்ளி நிறுத்திவிட்டு இறங்கியதும் இறங்காததுமாகக் கேட்டார்.

"அண்ணே, புயல் அன்னைக்கி இங்க ஏதாச்சும் நடந்துச்சா? லோரி கீரி வந்துச்சா? தோட்டத்துல யாராச்சும் தோண்டுனாங்களா?"

"ஒன்னுமில்ல டாக்டர்."

"நீங்க புல்லு வெட்டுனீங்களா?"

"வெட்டியிருந்தா மெசேஜ் போட்டிருப்பேன்."

"ஷுவரா அண்ணே? யோசிச்சுச் சொல்லுங்க. உங்க வார்த்தைய வச்சுத்தான் நான் மேல போகணும்."

"ஷுவர்."

இதுவரை நான் பொய் சொல்லவில்லை. இதைக் கவனியுங்கள். கேட்ட கேள்விக்கு எனக்குத் தெரிந்த பதிலைத்தான் சொன்னேன்.

அப்புறம் அவர் கார் பானெட் மேல் ஒரு தாளை விரித்தார். அன்றைய கோடு. காலையிலிருந்து நடுங்கிக்கொண்டே வருகிறது. அது புயல். எல்லா நிலையத்திலும் அப்படித்தான் இருந்ததாம். ஆனால் நம் கோட்டில் மட்டும் நடுவில் ஒரு சின்னக் குன்று. ஏறி, கொஞ்சம் நின்று, இறங்குகிறது. வடக்கே இருக்கிற நிலையத்தில் இல்லை. தெற்கே இருக்கிறதிலும் இல்லை. இரும்பு இல்லை, லோரி இல்லை என்றால் இது மேலிருந்து வந்தது. இவ்வளவு சின்ன இடத்தை மட்டும் தொட்டுவிட்டுப் போன ஒன்றை இந்தப் பக்கம் யாரும் காட்டியதில்லை என்றார். அவர் அதிகம் சிரிக்கிற ஆள் இல்லை. அன்று சிரித்தார்.

விரலை வைத்துக் காட்டினார்.

"இங்க பாருங்க. கரெக்டா பத்தேமுக்கால்ல ஏற ஆரம்பிக்குது. பதினொன்னரைக்கி இறங்கிருச்சு."

பத்தேமுக்கால்.

அந்த நிமிடத்தில் சொல்லியிருக்க வேண்டும். சொல்ல வாயைத் திறந்தேன் என்றுகூட எழுதலாம். பொய். திறக்கவில்லை. "அப்படியா டாக்டர்" என்றேன். அவ்வளவுதான்.

அவரோ மேலே மேலே சொல்லிக்கொண்டு போனார். அடுத்த மாதம் வெளிநாட்டில் ஒரு பெரிய கூட்டம். அதில் இதைக் காட்டப்போகிறார். அவருடைய வேலை வருடத்துக்கு வருடம் நீட்டிக்கிற வேலை. இந்த வருடக் கடைசியில் முடிகிறது. இது சரியாக வந்தால் நிரந்தரமாக்கிவிடுவார்கள். இதையெல்லாம் குலை வெட்டின என்னிடம் ஏன் சொன்னார் என்று யோசித்திருக்கிறேன். அன்று அவருக்குச் சொல்ல வேறு ஆள் பக்கத்தில் இல்லை.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். அவள் கிழித்து வைத்திருந்த நாள்காட்டித் தாளைத் தேடி எடுத்தாள். அவள் எதையும் தூக்கிப் போடுகிறவள் இல்லை. பத்தேமுக்கால் என்றுதான் போட்டிருந்தது.

"நாளைக்கே போய் சொல்லிருங்க," என்றாள்.

நாளைக்குச் சொல்லவில்லை.

இனி வருவதுதான் நீங்கள் படிக்க வேண்டியது. மறுநாள் காலையில் எனக்கு ஒரு யோசனை வந்தது. புயலும் நிஜம்தானே. ஒருவேளை அந்தக் குன்றும் நிஜமாக இருக்கலாம். பூஜையும் அதுவும் ஒரே நேரத்தில் வந்திருக்கலாம். அரிவாள் அவ்வளவு தூரம் ஆட்டுமா? டாக்டர் படித்தவர், அவருக்குத் தெரியாததா? இப்படி ஒரு நாள் போனது. அடுத்த நாள் வேறு யோசனை வந்தது. பயம் இருக்கிறதே, அது ஒவ்வொரு காலையிலும் புதிதாக ஒரு நியாயத்தைக் கொண்டுவந்து கொடுக்கும். எல்லாம் கேட்க நன்றாகத்தான் இருக்கும்.

மூன்றாம் நாள் போன் போட்டேன். உடனே எடுத்தார்.

"சொல்லுங்கண்ணே."

பேட்டரி பற்றிக் கேட்டேன்.

ஐந்தாம் நாள் மெசேஜ் வந்தது. கூட்டத்தில் பேச அவரைச் சேர்த்துக்கொண்டார்கள். ஆறாம் நாள் இன்னொன்று. டிக்கெட் போட்டாயிற்று. இரண்டுக்கும் கட்டை விரலைத் தூக்கிக் காட்டும் படத்தை அனுப்பினேன். அதை அனுப்பின கையைப் பார்க்கப் பிடிக்கவில்லை.

ஜாசின் பசாரில் தேத்தண்ணிக் கடையில் என்னோடு குலை வெட்டின கூட்டாளி ஒருவன் உட்கார்ந்திருந்தான். என் முகத்தைப் பார்த்து, வானத்து ஆபீசருக்கு என்னடா கவலை, மேலே ஏதாவது ஒழுகுதா என்றான். சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். திரும்பக் குலை வெட்டப் போக வேண்டி வந்தால் இந்தத் தோளோடு எத்தனை நாள் தாங்குவேன் என்று எண்ணிக்கொண்டிருந்தேன். சேர்த்துக்கொள்வார்களா என்பதே தெரியாது.

எட்டாம் நாள் பஸ் ஏறி நேரே ஆபீசுக்குப் போனேன். இந்த முறை சொல்லிவிடுவது என்று. டாக்டரின் அறையில் வெளியூர் ஆட்கள் இரண்டு பேர் இருந்தார்கள். என்னைப் பார்த்ததும் அவர் எழுந்து வந்தார். அவர்களிடம் கையைக் காட்டிச் சொன்னார்.

"இவர்தான் எங்க ஜாசின் அண்ணன். இவரு ஒரு நாளு இரும்பு இல்லன்னு சொன்னா, இல்ல. அவ்வளவுதான்."

நம் தமிழில் சொல்லிவிட்டு, அவர்களுக்கு இங்கிலீஷிலும் சொன்னார். அவர்கள் எனக்குக் கை கொடுத்தார்கள். ஒருவர் நாற்காலியை இழுத்துப் போட்டார். தேத்தண்ணி குடித்தேன். திரும்பி பஸ் ஏறினேன்.

பஸ்ஸில் வரும்போதுதான் ஒன்று புரிந்தது. டாக்டர் கூட்டத்தில் காட்டப்போவது குன்றை இல்லை. என் வார்த்தையை. அந்த வார்த்தை இல்லாவிட்டால் அவரே அதை நம்பியிருக்க மாட்டார். முதல் வேலையாக வந்து என்னைத்தானே கேட்டார். என்னைவிட நூறு மடங்கு படித்தவர்கள் என் ஒரு "ஷுவர்" மேல் ஏறி நிற்கிறார்கள்.

வீட்டுக்கு வந்து கதவைத் திறந்ததும் மனைவி என் முகத்தைப் பார்த்தாள். கேட்கவே இல்லை. சோறு போட்டாள்.

அதற்குப் பிறகு இரண்டு நாள் அவள் என்னோடு சரியாகப் பேசவில்லை. பதினோராம் நாள் காலையில் பேசினாள். டாக்டர் கிளம்ப இன்னும் மூன்று நாள் இருந்தது.

"உங்களுக்கு வாயால சொல்ல வராது. கல்யாணம் பண்ணுனதுலேர்ந்து பாக்கறேன். பேசாம அந்தப் பெட்டியே சொல்லட்டும்."

"எப்பிடி?"

"அன்னைக்கி வச்ச மாதிரி வைப்போம். எழுதுதா இல்லையான்னு அந்தம்மாவ பாக்கச் சொல்லுங்க. எழுதலன்னா நமக்கு பயம் விட்டுச்சு. எழுதுச்சுன்னா நீங்க ஒன்னும் பேச வேணாம்."

பதினொரு நாளாக எனக்குத் தோன்றாதது.

அரிவாள், பாராங், கோடாரி, மண்வெட்டி நான்கையும் எடுத்துக்கொண்டு இரண்டு பேரும் போனோம். அதே பத்தேமுக்கால் என்று வைத்துக்கொண்டோம். அவள் ரவிக்கையிலும் வளையலிலும் ஊக்கு மாட்டியிருந்தாள். வாளியில் கழற்றிப் போடச் சொன்னேன்.

"அன்னைக்கி ஊக்கோடதான வந்தேன்?" என்றாள்.

"ஆமாம்."

"அப்ப இன்னைக்கும் ஊக்கோடதான் வரணும். மாத்தி மாத்தி செஞ்சா பெட்டிக்கு எப்பிடி வெளங்கும்?"

அவள் பள்ளிக்கூடம் போனது என்னைவிடக் குறைவு. அன்று அவள் சொன்னதை டாக்டரிடம் பிறகு சொன்னபோது, முதலிலேயே இவரை வேலைக்கு எடுத்திருக்க வேண்டும் என்றார்.

வேலி ஓரத்தில் நின்று போன் போட்டேன்.

"டாக்டர், ஸ்கிரீன் முன்னாடி இருக்கீங்களா?"

"இருக்கேன். ஏன்ணே, கரண்ட் போயிருச்சா?"

"இல்ல. ஜாசின் கோட்ட மட்டும் பாத்துக்கிட்டு இருங்க. முக்கால் மணி நேரம். நான் அப்புறம் கூப்பிடறேன்."

அவர் என்னவோ கேட்டார். போனை வாளியில் வைத்துவிட்டு நடந்தேன்.

இந்த இடம் எனக்கு இன்னும் நன்றாக நினைவிருக்கிறது. போன் அங்கே வாளியில் கிடக்கிறது. திரை ஆபீசில் டாக்டரின் அறையில் இருக்கிறது. நான் குழிக்குப் பக்கத்தில் மண்டியிட்டு இருக்கிறேன். பெட்டி என்ன எழுதுகிறது என்று எனக்குத் தெரியாது. சத்தம் வராது, விளக்கு எரியாது. இலையைப் போட்டேன். அரிவாளை எடுத்தேன்.

"கோடாரி மொதல்ல," என்றாள் மனைவி. "அப்புறந்தான் அரிவா. மண்வெட்டிய கடைசியாத்தான் வச்சீங்க. எலைய விட்டு வெளிய நின்னுச்சு."

அவள் சொன்ன வரிசையில் வைத்தேன். ஒவ்வொன்றுக்கும் இடையில் அன்று பொட்டு வைக்க எவ்வளவு நேரம் எடுத்தேனோ அவ்வளவு நேரம் விட்டேன். பொட்டு வைக்கவில்லை. இது பூஜை இல்லை. வெறும் இரும்பு என்று அன்றுதான் முதல் தடவையாகக் கண்ணால் பார்த்தேன்.

பிறகு சும்மா நின்றோம். வெயில் ஏறியது. எழுதக் கூடாது என்று ஒரு மனது வேண்டியது. எழுதாமல் போனால் குன்று நிஜம், டாக்டருக்கு வேலை, எனக்கும் வேலை. அப்படி வேண்டுவது தப்பு என்று இன்னொரு மனது சொன்னது. இரண்டுக்கும் நடுவில் வியர்த்து நின்றேன். மனைவி செம்பனை நிழலில் போய் உட்காரவில்லை. என் பக்கத்திலேயே நின்றாள்.

முக்கால் மணி ஆவதற்கு முன்பே தாங்க முடியாமல் வேலிக்கு நடந்து போய்ப் போனை எடுத்தேன். டாக்டர் ஏழு தடவை கூப்பிட்டிருந்தார். திரும்பக் கூப்பிட்டேன். எடுத்தார்.

உடனே கேட்டார்.

"அங்க என்ன வச்சிருக்கீங்க?"

"அரிவா, பாராங், கோடாரி, மண்வெட்டி."

"அன்னைக்கும் அதேதானா?"

"அதேதான். ஆயுத பூஜ போட்டேன் டாக்டர்."

"இப்ப எடுங்க," என்றார். "ஒன்னொன்னா. எப்பிடி எடுத்தீங்களோ அதே மாதிரி. எறங்கறதையும் நான் பாக்கணும்."

போய் எடுத்தேன். அவர் குரலில் கோபம் இல்லை. அதுதான் பயமாக இருந்தது.

மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்பே கார் வந்து நின்றது. எப்படி ஓட்டி வந்தாரோ தெரியாது. இறங்கி, தாளை எடுத்தார். அன்றைய குன்று, இன்றைய குன்று. ஒன்றின் மேல் ஒன்றை வைத்து வெயிலுக்கு நேராகப் பிடித்தார். கொஞ்சம் உயரம் வித்தியாசம். வடிவம் ஒன்று.

என் மனைவி தள்ளிப் போய் நின்றுகொண்டாள். டாக்டர் என்னைப் பார்க்காமல் பேசினார்.

"எங்கப்பா மலாக்கா டவுன்ல வொர்க்‌ஷாப் வச்சிருந்தாரு. வருஷா வருஷம் ஸ்பேனரெல்லாம் அடுக்கி வச்சு பூஜ போடுவாரு. பொரி குடுக்கறதே நாந்தான். அன்னைக்கி ஆயுத பூஜன்னு எனக்குத் தெரியும் அண்ணே. காலையில அம்மா போன்ல சொன்னாங்க. தெரிஞ்சும் எனக்குத் தோணல."

பிறகு என் பக்கம் திரும்பினார்.

"உங்களுக்கு எப்பத் தெரியும்?"

"நீங்க தாள காட்டினப்ப."

"அன்னைக்கே?"

"அன்னைக்கே."

அவர் விரல் விட்டு எண்ணினார். நான் பார்த்துக்கொண்டு நின்றேன். எண்ணி முடித்துவிட்டுச் சொன்னார்.

"பூஜ போட்டது தப்பே இல்லண்ணே. அது தெரியாம நடந்தது. இந்தப் பதினொரு நாளுதான் தப்பு. இந்தப் பதினொரு நாள்ல எத்தன பேருகிட்ட சொல்லிட்டேன் தெரியுமா?"

தெரியும். இரண்டு பேர் எனக்குக் கை கொடுத்தார்கள்.

காருக்குப் பக்கத்தில் நின்றே அவருடைய தலைவருக்குப் போன் போட்டார். இங்கிலீஷிலும் மலாயிலும் பேசினார். எனக்குப் பாதிதான் புரியும். என் பெயர் வரும் என்று காத்திருந்தேன். ஒரு தடவைகூட வரவில்லை. "என் நிலையம், என் தவறு, நான் சரி பார்க்கவில்லை" என்று தன்மேல் போட்டுக்கொண்டுதான் சொன்னார். கடைசியில் அந்தப் பக்கம் நிறைய நேரம் பேசினார்கள். அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். "யெஸ்" என்றார். இன்னொரு தடவை "யெஸ்." வைத்துவிட்டார்.

என் பெயரை ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். அன்று நான் கேட்ட ஒரே கேள்வி.

"உங்க பேர சொன்னா அவங்க உங்கள மாத்துவாங்க. அப்புறம் வர்றவரு இதே மாதிரி ஒன்னு செஞ்சா சொல்லவே மாட்டாரு," என்றார்.

இதைக் கருணை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அடுத்த நாலு மாதம் அவர் என்னிடம் வேலைப் பேச்சைத் தவிர ஒரு பேச்சும் பேசவில்லை. என்னை வேலையில் வைத்துக்கொண்டார். நம்பிக்கையைத் திரும்பக் கொடுக்க நேரம் எடுத்தார். இரண்டும் வேறு. எனக்கு அதில் வருத்தம் இல்லை.

கூட்டத்துக்கு அவர் போகவில்லை. அந்த இடம் வேறொருவருக்குப் போனது. அந்த வருடம் அவரை நிரந்தரமாக்கவில்லை. அடுத்த வருடமும் இல்லை. மூன்றாம் வருடம்தான். அந்த மூன்று வருடமும், வருடக் கடைசியில் அவர் பெட்டியைப் பார்க்க வரும்போது நான் முகத்தைப் பார்ப்பேன். நீட்டித்தார்களா இல்லையா என்று முகத்தில் தேடுவேன். கேட்க எனக்கு வாய் கிடையாது.

உங்கள் கோப்பில் ஆறாம் பக்கத்தில் ஒரு வரி இருக்கிறது. "இரும்பு எந்தக் காரணத்துக்காக உள்ளே போனாலும், அது வேலையாக இருந்தாலும் இல்லாவிட்டாலும்." அந்த "இல்லாவிட்டாலும்" என்னால் வந்தது. படிக்கும்போது வேடிக்கையாக இருக்கும். ஒருவர் முருகனுக்கு வேல் சாத்த நினைப்பீர்கள். ஒருவர் குழந்தையை அழைத்து வந்து காட்டுவீர்கள், அதன் காலில் கொலுசில் இரும்புத் திருகு இருக்கும். நல்ல மனதோடு செய்கிறதுதான் நமக்கு இரும்பாகத் தெரியாது. அப்படி ஏதாவது செய்துவிட்டால் செய்தேன் என்று ஒரு வரி எழுதுங்கள். அன்றே எழுதுங்கள். வாயால் சொல்ல வராவிட்டால் என் மனைவி சொன்ன மாதிரி ஏதாவது வழி பாருங்கள். மூன்றாம் நாள் போன் போட்டுப் பேட்டரியைப் பற்றிக் கேட்காதீர்கள்.

எல்லாம் முடிந்த பிறகு டாக்டர் ஒன்று முயற்சி செய்தார். நாங்கள் இரண்டாம் தடவை வைத்து எடுத்த கோட்டை அன்றைய கோட்டிலிருந்து கழித்துப் பார்த்தார். கழித்தால் மிச்சம் இருப்பது வானத்தினுடையதாக இருக்கும் அல்லவா. ஒரு வாரம் உட்கார்ந்தார். வரவில்லை. அரிவாள் அன்று எந்தப் பக்கம் சாய்ந்திருந்தது, எத்தனை விரல் தள்ளி இருந்தது என்று என்னிடம் கேட்டார். எனக்கோ மனைவிக்கோ தெரியவில்லை. கடைசியில் அந்த ஒரு மணி நேரத்தை அழித்துவிட்டார். என்னைக் கூப்பிட்டு, காரணம் எழுதுகிற இடத்தில் என் கையாலேயே எழுதச் சொன்னார். "இரும்பு. நான் வைத்தது" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அதற்குக் கீழே அவரும் போட்டார்.

நீங்கள் இப்போது ஆபீசில் உட்கார்ந்து அந்த நாளைத் திறந்து பார்க்கலாம். வடக்கு நிலையத்தில் கோடு முழுதாக ஓடும். தெற்கிலும் ஓடும். ஜாசினில் மட்டும் ஒரு மணி நேரம் வெள்ளையாக இருக்கும். உண்மையில் அந்தப் புயலின் பலமான நேரம் அதுதான் என்று பிறகு கண்டுபிடித்தார்கள். அன்று வானத்திலிருந்து நிஜமாகவே ஒன்று வந்தது. அது நம் மேட்டின் மேல் என்ன செய்தது என்று யாருக்கும் தெரியாது. இனியும் தெரியப்போவதில்லை.